திருத்தம் எழுத்தான கதை: ஃபோட்டோஷாப் 4.0 முதல் கிம்ப் 3.0 வரை

1996ஆம் ஆண்டு நவம்பரில் வெளிவந்த ஃபோட்டோஷாப் 4.0 பதிப்பின் புதிய வசதிகளுள் இரண்டு, படத்திருத்தத்தின் வரலாற்றில் தனியிடம் பெறுகின்றன. ஒன்று, அட்ஜஸ்ட்மென்ட் லேயர் எனப்படும் திருத்த அடுக்கு. மற்றொன்று, ஆக்‌ஷன்ஸ் எனப்படும் செயற்பதிவு. முன்னது படத்தின்மீது செய்யப்படும் திருத்தத்தைப் படத்திலிருந்து பிரித்துத் தனியே குறித்து வைத்தது. பின்னது பயனர் செய்யும் செயல்களை வரிசையாகப் பதிந்துகொண்டு, கேட்டபோது மறுபடி நிகழ்த்தியது. ஒரே பதிப்பில் பிறந்த இவ்விரண்டையும் நிரலால் தெளிவாக இணைக்கும் நிலை வருவதற்குக் கால் நூற்றாண்டு கடந்தது. அந்தத் தாமதத்தின் காரணம் கணக்கீட்டின் கடினம் அன்று. திருத்தத்தை எந்த மொழியில் எழுதுவது, அம்மொழியை யார் அறிவது என்னும் கேள்வியே காரணம்.

ஃபோட்டோஷாப்பின் தோற்றம் பலரும் அறிந்ததே. 1987இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட மாணவராக இருந்த தாமஸ் நோல், மெக்கின்டாஷின் கறுப்பு வெள்ளைத் திரையில் சாம்பல்நிறப் படங்களைக் காட்டுவதற்காக ஒரு நிரல் எழுதினார். இண்டஸ்ட்ரியல் லைட் அண்ட் மேஜிக் நிறுவனத்தில் பணியாற்றிய தம்பி ஜான் நோல் அதில் ஆர்வம் கொள்ள, இருவரும் சேர்ந்து வளர்த்த மென்பொருளை அடோபி நிறுவனம் 1990 பிப்ரவரியில் வெளியிட்டது. அதன் 1.0.1 பதிப்பின் மூலநிரலைக் கலிஃபோர்னியாவின் கணினி வரலாற்று அருங்காட்சியகம் 2013இல் பொதுவில் வைத்தது. 179 கோப்புகள், ஏறத்தாழ 1,28,000 வரிகள். பெரும்பகுதி பாஸ்கல் மொழி, எஞ்சியதில் கணிசமான பங்கு 68000 சில்லுக்கான அசெம்ப்ளி. விளக்கக் குறிப்புகள் மிகக் குறைவு. ஆயினும் அமைப்பு சீரானது.

அந்த முதல் பதிப்புகளில் திருத்தம் என்பது நேரடிச் செயல். ஒரு படத்தை இருளாக்கினால் அதன் ஒவ்வொரு பிக்சலிலும் பழைய எண் அழிந்து புதிய எண் அமரும். எட்டு பிட் படத்தில் ஒரு நிறத்துக்கு 0 முதல் 255 வரை 256 படிகள். எல்லா மதிப்புகளையும் பாதியாக்கினால் 0 முதல் 127 வரை 128 படிகளே மிஞ்சும். மனம் மாறி அவற்றை இரட்டிப்பாக்கினால் இரட்டைப்படை எண்கள் மட்டுமே திரும்பும். இடையிலிருந்த ஒற்றைப்படை மதிப்புகள் ஒருபோதும் மீளா. படம் பார்வைக்குப் பழையபடியே தோன்றலாம். ஆனால் அதன் பாதித் தகவல் போய்விட்டது, போனதற்கான தடயமும் இல்லை. எத்தனை முறை, எந்த அளவில், எந்த வரிசையில் திருத்தப்பட்டது என்பதை அந்தக் கோப்பைக் கையில் வைத்துக்கொண்டு எவராலும் சொல்ல இயலாது.

1994இல் வந்த 3.0 பதிப்பு அடுக்குகளைக் கொண்டுவந்தது. ஒரு படத்தின்மேல் மற்றொன்றை ஒளிபுகும் தாள்போல் வைக்கும் இந்த எண்ணத்துக்கு அடிப்படையான ஆல்ஃபா கணக்கீட்டை தாமஸ் போர்ட்டரும் டாம் டஃபும் லூகாஸ்ஃபிலிமில் இருந்தபோது 1984இலேயே எழுதி வைத்திருந்தனர். ஆனால் அடுக்கு என்றாலும் அதற்குள் இருந்தவை பிக்சல்களே. 4.0 பதிப்பின் திருத்த அடுக்கில்தான் முதன்முறையாகப் பிக்சல் இல்லாத ஓர் அடுக்கு வந்தது. அதற்குள் படம் இல்லை. கீழேயுள்ள படத்தை எவ்வாறு மாற்றிக் காட்ட வேண்டும் என்ற கட்டளை மட்டும் இருந்தது. கட்டளையை மாற்றினால் காட்சி மாறும். அடுக்கை நீக்கினால் பழைய படம் குறைவின்றி நிற்கும். (பிக்சல்களைத் தொடாமல் திருத்தங்களைக் கணக்காக மட்டும் வைத்திருந்து, இறுதியில் ஒருமுறை நிகழ்த்தும் வழியை லைவ் பிக்சர் என்ற மென்பொருளும் அதே பத்தாண்டில் கையாண்டது. அது நிலைக்கவில்லை.)

கட்டளையின் உடல் எவ்வளவு சிறியது என்பதைப் பார்த்தால் இம்மாற்றத்தின் ஆழம் விளங்கும். லெவல்ஸ் என்ற திருத்தத்தை எடுத்துக்கொள்வோம். எந்த மதிப்புக்குக் கீழுள்ளவை முழுக் கறுப்பு, எந்த மதிப்புக்கு மேலுள்ளவை முழு வெள்ளை, நடுச்சாயல்கள் எந்தப் பக்கம் சாய வேண்டும், வெளியீட்டின் கீழெல்லையும் மேலெல்லையும் எவை என்ற ஐந்து எண்களே லெவல்ஸ். பி.எஸ்.டி. கோப்பில் இந்த ஐந்தெண் தொகுதி 29 முறை வரிசையாக எழுதப்படும். ஒவ்வோர் எண்ணுக்கும் இரண்டு பைட்டு, முன்னால் பதிப்பெண்ணுக்கு இரண்டு பைட்டு. ஆக அந்த அடிப்படைப் பதிவு 292 பைட்டு. 4000க்கு 3000 பிக்சல் கொண்ட ஒரு வண்ணப்படமோ மூன்று கோடியே அறுபது லட்சம் பைட்டு. அந்தப் பேருடலைத் தொடாமல் அதன் தோற்றத்தை முற்றிலும் மாற்றிவிடும் ஆற்றல் இந்த 292 பைட்டுக்கு உண்டு. அதுவரை கைவேலையாக இருந்த திருத்தம் இங்கே ஒரு வாக்கியமாகிவிட்டது. வாக்கியம் என்றால் படிக்கலாம், நகலெடுக்கலாம், ஒப்பிடலாம். ஒரு நிரல் அதை எழுதவும் செய்யலாம்.

இதெல்லாம் விளம்பரப்படக் கலைஞர்களின் வசதி மட்டுமே என்று கருதினால், படம் சான்றாகப் பயன்படும் துறைகளை மறந்தவர்களாவோம். தமிழ்ச் சுவடிப் படிப்பிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு சொல்லலாம். மெய்யெழுத்துக்குப் புள்ளி உண்டு. குறில் எகர ஒகரங்களுக்கும் புள்ளி உண்டு என்பது தொல்காப்பிய மரபு. ஓலையில் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை துளைபடும் என்பதால் ஏடெழுதியோர் பெரும்பாலும் புள்ளியிடவில்லை. எனவே ஓர் ஏட்டில் புள்ளிபோன்று ஏதேனும் தென்பட்டால், அது எழுதியவர் இட்டதா, பூச்சி அரித்ததா, அழுக்கா என்பது பாடத்தையே தீர்மானிக்கும் கேள்வி. கல்வெட்டில் இன்னும் ஒரு படி மேல்: ஐராவதம் மகாதேவன் வகுத்த தமிழ்-பிராமி வளர்ச்சிநிலைகளில் புள்ளியின் வருகை காலத்தைக் கணிப்பதற்கான அடையாளங்களுள் ஒன்று.

இப்போது ஓர் ஓலையின் மின்படத்தில் ஓலைப்பரப்பின் மதிப்பு 190 என்றும், மங்கிய ஒரு புள்ளியின் மதிப்பு 150 என்றும் வைத்துக்கொள்வோம். எழுத்தைத் தெளிவாக்க வேண்டி லெவல்ஸில் வெள்ளையின் எல்லையை 150க்குக் கொண்டுவந்தால், ஓலையும் புள்ளியும் ஒருசேர 255 ஆகிவிடும். புள்ளி மறைந்தது. மாறாக, 110 மதிப்புள்ள ஒரு கறை இருக்கும் இடத்தில் கறுப்பின் எல்லையை 110க்கு உயர்த்தினால் கறை மைபோல் கறுத்து, எழுத்தின் உறுப்பாகவே தோன்றும். இரண்டும் ஏமாற்று வேலை அல்ல. படிப்பதற்காக எவரும் செய்யும் இயல்பான திருத்தம். திருத்தம் அடுக்காக உடன் இருந்தால் அடுத்தவர் அதை அணைத்துப் பார்த்து வினவலாம். பிக்சலுக்குள் கரைந்துவிட்டால் வினவுவதற்கு எதுவும் மிஞ்சுவதில்லை.

நூற்றுக்கணக்கான ஏடுகளைக் கொண்ட ஒரு தொகுப்பில் இந்த அடுக்குகளைக் கையால் இடுவது நடவாத காரியம். அங்கேதான் நிரல் தேவைப்படுகிறது. ஃபோட்டோஷாப்புக்கு ஸ்கிரிப்ட் எழுதும் வசதி 2002இன் 7.0 பதிப்புக்கான துணைநிரலாக வந்து, 2003இன் சி.எஸ். பதிப்பில் மென்பொருளின் உள்ளுறுப்பாயிற்று. ஆப்பிள்ஸ்கிரிப்ட், விஷுவல் பேசிக், ஜாவாஸ்கிரிப்ட் மூன்றிலும் எழுதலாம். ஆவணம், அடுக்கு, தெரிவு என ஒவ்வொன்றும் தனிப்பொருளாக, தனித்தனிப் பண்புகளோடு, ஆங்கிலம் அறிந்தோர் எளிதில் படிக்கக்கூடிய பெயர்களோடு அமைந்திருந்தன. ஆனால் அந்த ஜாவாஸ்கிரிப்ட் சொற்றொகுதியில் ஒரு வினோதமான இடைவெளி இருந்தது. ஓர் அடுக்கின் லெவல்ஸைத் திருத்து, கர்வ்ஸைத் திருத்து, ஒளிர்வைத் திருத்து என்ற கட்டளைகள் எல்லாம் உண்டு. அவை அனைத்தும் பிக்சல்களை நேரடியாக மாற்றுபவை. திருத்த அடுக்கு ஒன்றைப் புதிதாக உருவாக்கு என்பதற்குச் சொல் இல்லை. இருக்கும் ஓர் அடுக்கைக் கேட்டால், தான் கர்வ்ஸ் வகை என்று அது தன் இனத்தைச் சொல்லும். தன்னுள் இருக்கும் எண்கள் எவை என்று கேட்டால் மௌனம்.

அழிக்கும் திருத்தத்தைத் தெளிவான மொழியில் எழுதலாம். அழிக்காத திருத்தத்தை எழுத முடியாது. 4.0 பதிப்பு வந்து ஏழு ஆண்டுகளுக்குப் பிறகும் நிலைமை இதுதான். இதனை ஒரு சிறு குறைபாடாகக் கருதிக் கடந்து செல்வது தவறு என்றே தோன்றுகிறது. ஒரு கருவி எதை எளிதாகச் சொல்ல விடுகிறதோ அதையே அதைப் பயன்படுத்துவோர் மிகுதியாகச் செய்வர். தொகுப்பு முழுவதையும் நிரலால் சீர்செய்ய முனைந்த ஒருவருக்குக் கையேட்டின் முதல் பக்கங்களில் கிடைத்தது மூலத்தை அழிக்கும் வழியே.

மற்றொரு வழி இருந்தது. அதன் பெயர் ஆக்‌ஷன் மேனேஜர். செயற்பதிவுக்காக உள்ளே இயங்கிக்கொண்டிருந்த அதே பொறியமைப்பை ஸ்கிரிப்டிலிருந்தும் அழைக்கலாம். திருத்த அடுக்கு உட்பட மென்பொருளின் ஏறத்தாழ எல்லாச் செயல்களும் அதன் வழியே இயலும். ஆனால் அதன் மொழி மனிதர்கள் பேசுவதற்காக ஆனதன்று. ஒவ்வொரு கருத்துக்கும் நான்கு எழுத்துக் குறியீடு. நான்கு எழுத்து என்பது மெக்கின்டாஷ் மரபு: நான்கு பைட்டு சேர்ந்தால் 32 பிட், அதாவது ஒரே எண்ணாகக் கையாளத்தக்க அளவு. உருவாக்கு என்ற வினைக்கு எம், கே என இரண்டெழுத்தும் அவற்றையடுத்து இரண்டு வெற்றிடமும். வெற்றிடங்களில் ஒன்றை விட்டுவிட்டால் கட்டளை செல்லாது. திருத்த அடுக்கு என்ற பெயருக்கு ஏ, டி, ஜே, எல். லெவல்ஸுக்கு எல், வி, எல், எஸ். உயிரெழுத்துகளை உதிர்த்துவிட்டு மெய்களின் எலும்புக்கூட்டை மட்டும் நிறுத்திய இச்சொற்கள், எபிரேய அரபு எழுத்துமுறைகளை அறிந்தோருக்கு ஒரு புன்னகையை வரவழைக்கலாம்.

சொல்லைவிடச் சொற்றொடரின் கட்டமைப்பு இன்னும் கவனத்துக்குரியது. வினை ஒன்று, அது எதன்மீது நிகழ வேண்டும் என்று சுட்டும் தொடர் ஒன்று, எவ்வாறு நிகழ வேண்டும் என்ற விவரப் பட்டியல் ஒன்று. சுட்டுத்தொடரில் உள்ளிருப்பது முதலிலும் அதைத் தாங்குவது பின்னரும் வரும். தமிழில் "ஆவணத்தின் அடுக்கின் பெயர்" என்று வெளியிலிருந்து உள்ளே போகிறோம். ஆக்‌ஷன் மேனேஜரில் முதலில் பெயர், பிறகு அடுக்கு, பிறகு ஆவணம். ஆங்கிலத்தின் வேற்றுமைத் தொடரும் இவ்வரிசையே என்பதால் அம்மொழியில் சிந்தித்தவர்களுக்கு இது இயல்பாக வந்திருக்கலாம். விவரப் பட்டியலுக்குள் வேறு பட்டியல்கள் அடங்கும். கர்வ்ஸ் அடுக்கு ஒன்றை எழுதினால், அடுக்குக்குள் திருத்தம், திருத்தத்துக்குள் நிறத்தடங்கள், தடத்துக்குள் புள்ளிகள், புள்ளிக்குள் கிடையெண்ணும் நெட்டெண்ணும். ஒரு வளைகோட்டைச் சிறிது தூக்கி நிறுத்த இருபது முப்பது வரிகள் எழுத வேண்டியிருந்தது.

இம்மொழியை மக்கள் கற்ற விதம் களமொழியியலாளர் ஒருவர் எழுத்தில்லா மொழியைக் கற்பதற்கு ஒப்பானது. ஸ்கிரிப்டிங் லிஸனர் என்ற துணைநிரலை நிறுவிவிட்டால், பயனர் சுட்டியால் செய்யும் ஒவ்வொரு செயலையும் அது ஆக்‌ஷன் மேனேஜரின் மொழியில் ஒரு பதிவுக்கோப்பில் எழுதிக்கொண்டே போகும். கையால் ஒரு லெவல்ஸ் அடுக்கை இடவேண்டும். கோப்பைத் திறந்து என்ன எழுதப்பட்டது என்று பார்க்கவேண்டும். பின் ஓர் எண்ணை மட்டும் மாற்றி மறுபடி இடவேண்டும். எந்த வரி மாறியது என்று ஒப்பிடவேண்டும். குறைந்த வேறுபாட்டுச் சோடிகளைக் கொண்டு ஒலியன்களைப் பிரித்தறிவதும் இதே முறைதான். இவ்வாறு கண்டறிந்தவற்றை ஆர்வலர்கள் தங்களுக்குள் பகிர்ந்து, தெளிவான பெயருடைய செயற்கூறுகளாகப் பொதிந்து வைத்தனர். உள்ளே நான்கெழுத்து மந்திரம். வெளியே மனிதச் சொல்.

எழுதுவது இவ்வளவு என்றால் படிப்பது இன்னும் கடினம். ஏற்கெனவே உள்ள ஒரு திருத்த அடுக்கின் எண்களைக் கேட்டால், சில வகைகளில் ஃபோட்டோஷாப் அவற்றைப் பெயரிட்ட எண்களாகத் தராமல் மூலப் பைட்டுகளின் கட்டாகவே தரும். கேட்டவர் கோப்பு வடிவத்தின் விவரக்குறிப்பை அருகில் வைத்துக்கொண்டு பைட்டு பைட்டாக அவிழ்க்க வேண்டும். தாம் இட்ட முடிச்சைத் தாமே அவிழ்க்க அகராதி தேடும் நிலை.

மொழி என்றால் பொருள் மாற்றமும் உண்டல்லவா? ஒளிர்வு, வேறுபாடு என்ற மிகப் பழைய திருத்தத்தின் கணக்கை 2007இன் சி.எஸ்.3 பதிப்பு மாற்றியது. அதற்குமுன் ஒளிர்வை 20 கூட்டினால் எல்லாப் பிக்சலும் 20 ஏறும். 235க்கு மேலிருந்தவை யாவும் 255இல் முட்டி ஒன்றாகிவிடும். புதிய கணக்கு இரு முனைகளையும் காத்து நடுவை மட்டும் வளைக்கிறது. பழைய கோப்புகள் கெடாதிருக்கப் பழைய முறையைப் பயன்படுத்து என்ற தெரிவுப்பெட்டி ஒன்று சேர்க்கப்பட்டது. ஆகவே "ஒளிர்வு 20" என்று எழுதிய ஒரு திருத்தத்தின் பொருள் அந்த ஒரு தெரிவைப் பொறுத்தது. நிரலில் அதைக் குறிப்பிட மறந்தால், சொல் அதே, எண் அதே, படம் வேறு. நிறச்சாயலுக்கும் செறிவுக்குமான திருத்தத்திலும் இப்படி ஓர் அடுக்கு மண் படிந்துள்ளது: பி.எஸ்.டி. விவரக்குறிப்பில் 4.0 பதிப்பின் வடிவத்துக்கு ஒரு குறியீடு, 1998இன் 5.0 பதிப்பின் புதிய வடிவத்துக்கு இரண்டு என்ற எண் சேர்ந்த மற்றொரு குறியீடு. பாட வேறுபாடுகளை ஆராய்ந்து பழகியவர்களுக்கு இந்த விவரக்குறிப்பு ஆவணம் நல்ல வாசிப்பு.

இதே காலத்தில் மறுகரையில் நிகழ்ந்தது நேர்மாறானது. பெர்க்லியில் மாணவர்களாக இருந்த ஸ்பென்சர் கிம்பலும் பீட்டர் மாட்டிஸும் 1995இல் தொடங்கிய கிம்ப் என்ற கட்டற்ற மென்பொருள் 1998இல் 1.0 பதிப்பை எட்டியது. நிரலால் இயக்கப்படுவதை அது பின்னர் வந்த ஒட்டாக அல்லாமல் அடித்தளமாகவே கொண்டிருந்தது. மென்பொருளின் செயல்கள் யாவும் ஒரு பொதுப் பட்டியலில் பெயரோடும் விளக்கத்தோடும் பதிவாகியிருக்கும். எவரும் திறந்து தேடலாம். ஸ்கீம் மொழியில் அமைந்த ஸ்கிரிப்ட்-ஃபூ வழியே அவற்றை அழைக்கலாம். பைத்தானும் பின்னர்ச் சேர்ந்தது. ஒளிவுமறைவற்ற மொழி. ஆனால் அம்மொழியில் சொல்வதற்குத் திருத்த அடுக்கு என்ற பொருளே கிம்ப்பில் இல்லை. திருத்தம் என்றால் பிக்சலை மாற்றுவதுதான். ஒருவரிடம் பொருள் இருந்தது, சொல் இல்லை. மற்றவரிடம் சொல் இருந்தது, பொருள் இல்லை.

கிம்ப்பின் இக்குறையைத் தீர்க்க ஜெகிள் என்ற நூலகம் 2000இல் தொடங்கப்பட்டது. திருத்தங்களைக் கணுக்களாகக் கோத்து, கேட்கும்போது மட்டும் கணக்கிடுவது அதன் அடிப்படை. அதன் தொடக்கத்தில் பங்கேற்றோர் ரிதம் அண்ட் ஹியூஸ் என்ற அமெரிக்கத் திரைக்காட்சி நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள். மும்பையிலும் ஐதராபாத்திலும் கிளைகள் வைத்திருந்த இந்நிறுவனத்தைத் தமிழ் வாசகர்கள் வேறொரு வழியில் அறிந்திருப்பர்: புதுச்சேரியிலும் படமாக்கப்பட்ட லைஃப் ஆஃப் பை திரைப்படத்தின் புலியை உருவாக்கியது இதுவே. 2013 பிப்ரவரியில் அப்படத்துக்கு ஆஸ்கர் கிடைத்த அதே மாதத்தில் நிறுவனம் திவால் மனு அளித்திருந்தது. அதன் ஊழியர்கள் விதைத்த நூலகமோ தன்னார்வலர்களின் கைகளில் மெல்ல வளர்ந்தது. 2018இன் கிம்ப் 2.10 பதிப்பு முழுக்க ஜெகிளின்மேல் நிறுத்தப்பட்டது. எட்டு பிட்டைத் தாண்டிய துல்லியமும் வந்தது. இருந்தும் திருத்தங்கள் உடனடியாகப் பிக்சலில் கரைந்துகொண்டுதான் இருந்தன. 2025 மார்ச்சில் வந்த 3.0 பதிப்பில்தான் திருத்தங்கள் அடுக்கோடு ஒட்டி, கோப்பிலும் சேமிக்கப்பட்டு, பின்னர் மாற்றத்தக்கவையாக நின்றன. ஸ்கிரிப்டிலிருந்து அவற்றைச் சேர்க்கவும் அவற்றின் பண்புகளைப் பெயர்சொல்லி அமைக்கவும் வழியும் உடன் வந்தது. தொடங்கிய நாளிலிருந்து கால் நூற்றாண்டு.

இத்தனை காத்திருப்பு தவிர்க்க இயலாததா என்று கேட்பவர்கள் திரைத்துறையைப் பார்க்கலாம். அமெரிக்க ஒளிப்பதிவாளர் சங்கத்தின் தொழில்நுட்பக் குழு, நிறத்திருத்தத்தைக் கருவிகளுக்கிடையே கொண்டுசெல்லப் பத்து எண்களாலான ஒரு பொதுவடிவத்தை வகுத்தது. சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் பெருக்குவது ஒன்று, கூட்டுவது ஒன்று, அடுக்கேற்றுவது ஒன்று, ஆக ஒன்பது. பத்தாவது நிறச்செறிவு. இதன் கணக்கு வெளிப்படை. கோப்பு வெறும் உரை. எந்த நிறுவனத்தின் கருவியிலும் படிக்கலாம், ஒரு சிறு நிரலால் எழுதலாம். படப்பிடிப்புத் தளத்தில் ஒளிப்பதிவாளர் முடிவுசெய்த சாயல் திருத்தகத்துக்கு எண்களாகவே சென்றுசேரும். நோக்கம் பொதுவாக இருந்தபோது மொழியும் பொதுவாயிற்று.

அறிவியலில் இத்தேவை கண்டிப்பாகவே எழுந்தது. அமெரிக்கத் தேசிய உடல்நல நிறுவனத்தில் வேய்ன் ராஸ்பேண்ட் 1997இல் தொடங்கிய இமேஜ்ஜே மென்பொருளில் சாம்பல்நிறப் படத்தின் ஒளிர்வை மாற்றினால் காட்சி மட்டுமே மாறும். பயனர் தனியே ஒப்புதல் தரும்வரை பிக்சலின் எண் மாறாது. செய்த செயலை அதன் பதிவுக்கருவி படிக்கத்தக்க வரியாக எழுதியும் தரும். 2004இல் மைக் ராஸ்னரும் கென்னத் யமடாவும் தி ஜர்னல் ஆஃப் செல் பயாலஜி இதழில், நுண்ணோக்கிப் படங்களைத் திருத்துவதில் எது தகும் எது தகாது என்று எழுதிய கட்டுரை பரவலாக அறியப்பட்டது. படம் முழுவதற்கும் ஒரே சீராகச் செய்யும் ஒளிர்வு, வேறுபாட்டுத் திருத்தங்கள் ஏற்கத்தக்கவை. காமா போன்ற நேர்கோட்டில் அமையாத திருத்தங்களைப் படக்குறிப்பில் வெளிப்படுத்த வேண்டும் என்பது அவ்விதழின் நெறி. சுவடியியலிலும் கல்வெட்டியலிலும் படியெடுத்தவர் பெயர் சொல்கிறோம், மைப்படியா ஒளிப்படமா என்று சொல்கிறோம். படத்தின் மேல் நிகழ்த்திய லெவல்ஸைச் சொல்லும் வழக்கமும் அதே இடத்தில் அமர வேண்டியது.

ஃபோட்டோஷாப்பின் மொழியும் பின்னர் மனிதர் பக்கம் நகர்ந்தது. 2020 அக்டோபரில் வந்த 22ஆம் பதிப்பின் யு.எக்ஸ்.பி. என்ற புதிய தளத்தில், ஆக்‌ஷன் மேனேஜரின் கட்டளைகள் ஜேசன் வடிவில் முழுச்சொற்களாக எழுதப்படுகின்றன. எம், கே, இரண்டு வெற்றிடம் என்பதன் இடத்தில் உருவாக்கு என்ற முழு ஆங்கிலச் சொல். ஏ, டி, ஜே, எல் என்பதன் இடத்தில் திருத்த அடுக்கு என்ற முழுப்பெயர். பட்டியலுக்குள் பட்டியல் என்ற பழைய இலக்கணம் மாறவில்லை. ஆனால் இப்போது கண்ணால் படிக்க முடிகிறது. ஃபோட்டோஷாப் மென்பொருளே இல்லாமல் பி.எஸ்.டி. கோப்பைத் திறக்கும் பி.எஸ்.டி.-டூல்ஸ் போன்ற பைத்தான் நூலகங்கள், வெளியிடப்பட்ட விவரக்குறிப்பைக் கொண்டு திருத்த அடுக்கின் எண்களை வெளியே எடுத்துக் காட்டுகின்றன. தொடங்கும்போது தோன்றும் பெயர்ப்பட்டியலில் சீதாராமன் நாராயணன் என்ற பெயரைப் பார்த்தே வளர்ந்த இந்தியப் பயனர்கள் பலர், அந்தத் திரைக்குப் பின்னால் இப்படியொரு இலக்கணம் ஓடிக்கொண்டிருந்ததை அறிந்திருக்க வாய்ப்பில்லை.

நிரல் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் இல்லை. ஓர் ஏட்டில் சரியாக அமைந்த எண்களைச் சுழல் ஒன்றில் இட்டு நானூறு ஏடுகளுக்கும் அதையே எழுதுவது, செயற்பதிவின் காலத்திலிருந்து தொடரும் பழக்கம். ஏடுகளோ ஒரே நிறத்தில் இருப்பதில்லை. ஒரு சுவடிக்கட்டின் வெளியேடுகள் ஒளியும் கையும் பட்டுக் கறுத்திருக்கும், நடுவேடுகள் வெளிறியிருக்கும். மை தடவிய ஏட்டுக்குப் பொருந்தும் எல்லை, தடவாத ஏட்டின் கீறல்களை விழுங்கிவிடும். நிரலுக்கு இன்னொரு வேலையும் தரலாம்: ஒவ்வோர் ஏட்டின் ஓலைப்பரப்பையும் முதலில் அளந்து, அவ்வேட்டுக்குரிய எல்லைகளைக் கணக்கிட்டு, அவற்றை அவ்வேட்டின் மேல் தனித் திருத்த அடுக்காக எழுதுதல். அடிப்படலம் தொடப்படாமல் இருக்கும். அடுக்கின் பெயரிலேயே அளந்த மதிப்பையும் பயன்படுத்திய கணக்கின் பதிப்பையும் குறித்து வைக்கலாம். 150க்கு இறக்கிய எல்லையால் ஒரு புள்ளி மறைந்ததா என்ற ஐயம் எழும்போது, 37ஆம் ஏட்டின் அடுக்கைத் திறந்து அந்த ஒரே எண்ணை 195 என்று மாற்றிப் பார்த்தால் போதும்.